திருகாணி இல்லாத பெட்டி

அர்த்தநாரியின் பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியோடு வருவது குறைவு. லாரியின் டீசல் பம்பை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில் இருந்த அந்தப் பட்டறையில் நீளமான ஒரு இரும்பு மேஜை உண்டு. பம்பை அதில் பூட்டி மோட்டாரைச் சுழலவிட்டால் ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் சொட்டுச் சொட்டாக இறங்கும். எதில் கூடுதல், எதில் குறைவு என்று பார்த்து அர்த்தநாரி ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்புவார். முப்பது வருஷமாக அவர் செய்துவந்த வேலை அதுதான். எஞ்சினுக்கு எவ்வளவு தீனி, எப்போது தீனி, அவ்வளவுதான் கேள்வி. பதில் எப்போதும் ஏதாவது ஒரு ஸ்க்ரூவில் இருக்கும்.

எண்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் ஒரு வெள்ளைக் கார் முழுசாகவே வந்து பட்டறை முன்னால் நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு அவர் இறங்க, பக்கத்து இருக்கையிலிருந்து கணவர் இறங்கினார். சேலத்தைச் சேர்ந்த நசுருல்லாவும் ஷம்ஷாதும். குவைத்தில் பதின்மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம் ஊர் திரும்பியவர்கள். திரும்பும்போது கப்பலில் இந்தக் காரையும் கொண்டுவந்திருந்தார்கள். நசுருல்லாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் பிடிக்காது. ஷம்ஷாதுக்கு அது மட்டும்தான் பிடிக்கும் என்று நசுருல்லாவே சொன்னார்.

"அண்ணே, சமதரையில தங்கமா ஓடுது. ஏற்காடு மலையில ஏறும்போது டர்போ பிடிச்ச உடனே எஞ்சின்ல ஒரு சத்தம். தகர டப்பாவுல பட்டாணியைப் போட்டுக் குலுக்குன மாதிரி" என்றார் ஷம்ஷாத்.

"ஏனுங்கம்மா, இது பெட்ரோல் வண்டிங்களே. நான் டீசல் பம்பு பாக்கறவனுங்க."

"சேலத்துல மூணு பேர் பாத்துட்டாங்க" என்றார் நசுருல்லா. "ஒருத்தர் டர்போவைக் கழட்டிப் போடச் சொன்னார். ஒருத்தர் கார்பன் சேர்ந்திருக்குன்னு எஞ்சினைத் தொறந்து மூடினார். இன்னொருத்தர் வித்துடச் சொன்னார். டர்போ லாரியெல்லாம் நீங்கதான் பாக்கறீங்கன்னு அவர்தான் உங்க பேரையும் சொன்னார்."

அர்த்தநாரி பானட்டைத் திறந்தார். டர்போ அவருக்குப் பழக்கம்தான். எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளேயே திணிக்கும். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. தீனி போடும் இடத்தைத்தான் காணோம். கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீச்சும் நாலு நாசில் இருந்தன, ஒவ்வொரு நாசிலின் தலையிலும் இரண்டு ஒயர். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது காருக்குள் நுழைந்து, கம்பளத்துக்கு அடியில் புகுந்து, இருக்கைக்குக் கீழே புத்தகம் அளவுள்ள ஓர் அலுமினியப் பெட்டியில் முடிந்தது. பெட்டியைக் கழற்றி மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்புவதற்கு அதில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை.

"குவைத்துல இந்தச் சத்தம் இருந்துதுங்களா?"

"ஒரு நாள்கூட இல்லே."

"அப்பப் பெட்ரோலுங்க. அங்கத்த பெட்ரோல் தாங்கும். நம்மூருது அமுக்கம் கூடுனா தாங்காது, நேரத்துக்கு முன்னாலயே வெடிச்சுப்போடும். அதுதான் சத்தம்."

அன்றைக்கு டர்போவைக் கட்டுப்படுத்தும் கம்பியைச் சரிசெய்து அமுக்கத்தைப் பாதியாகக் குறைத்து அனுப்பினார். நாலாம் நாள் ஷம்ஷாத் திரும்பி வந்தார்.

"இப்பச் சத்தம் இல்லேண்ணே" என்றார். "வண்டியும் இல்லே. மாட்டுவண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கு."

அர்த்தநாரி சிரித்தார். ஆனால் நாலு நாளாக அவருக்கும் அந்தப் பெட்டி நினைப்புத்தான். "வண்டியையும் பெட்டியையும் எங்கிட்ட உட்டுட்டுப் போங்க. எவ்வளவு தீனின்னு அதுக்குள்ள யாரோ சொல்றாங்க. அது யாருன்னு பாக்கோணும்" என்றார்.

பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் போனது பாலிடெக்னிக்குக்கு. அங்கே மைக்ரோபிராசசர் லேபில் பொன்னாத்தாள் வேலை பார்த்தாள். எருமப்பட்டிப் பக்கம் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்துப் பெண், வயது இருபத்தாறு. முந்தின வருஷம் அர்த்தநாரியின் மேஜையில் சுற்று எண்ணும் மீட்டர் கெட்டுப்போனபோது வந்து சரிசெய்தவள் அவள்தான்.

மூடியைக் கழற்றியதும் பொன்னாத்தாள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். பச்சைப் பலகையில் கறுப்புக் கறுப்பாக ஐ.சி.கள். ஒன்றின் முதுகில் மட்டும் காகிதம் ஒட்டியிருந்தது. நகத்தால் அதன் ஓரத்தை நெம்பினாள். அடியில் வட்டமான சின்னக் கண்ணாடி ஜன்னல் தெரிந்தது.

"இதுதாங்ணா. மத்ததெல்லாம் வேலைக்காரங்க. இதுலதான் எழுதி வெச்சிருக்காங்க. இதே மாதிரி வெறும் ஐ.சி. எங்க லேப்ல இருக்கு. காப்பி எடுத்துக்கலாம், அதுல மாத்தலாம், ஊதா வெளிச்சத்துல வெச்சு அழிக்கலாம், மறுபடி எழுதலாம். இந்த ஒரிஜினலை மட்டும் தொடவே வேண்டாம்."

"என்ன எழுதியிருக்குது?"

"நம்பர். நாலாயிரத்துச் சொச்சம் நம்பர்."

"அதுல எது பெட்ரோலு?"

"தெரியாதுங்ணா" என்றாள் அவள், கொஞ்சமும் கூச்சப்படாமல். "நம்பரைப் படிச்சுக் குடுத்துருவேன். அது எதுக்கு நம்பர்னு நீங்கதான் சொல்லோணும்."

லேபில் இருந்த ஒரே பிரிண்டர் கரகரவென்று இழுத்து அடித்துக் கொடுத்த காகிதத்தை அர்த்தநாரி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் சுவரிலிருந்து சுவர் வரை விரித்தார். நாலு மூலையிலும் நாலு நட்டு வைத்தார். அவருடைய மனைவி சின்னாயி இரண்டு நாள் அதைத் தாண்டித் தாண்டித்தான் அடுப்படிக்குப் போய்வந்தாள்.

முதல் நாள் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எள்ளைக் கொட்டிவிட்ட மாதிரி எண்கள் சிதறிக் கிடந்தன. பெரிசுக்குப் பக்கத்தில் சிறுசு, சிறுசுக்குப் பக்கத்தில் இன்னும் சிறுசு. இரண்டாம் நாள் சாயங்காலம், ஏழாவது தாளில், ஓரிடத்தில் மட்டும் கண் வழுக்கிக்கொண்டு போவதைக் கவனித்தார். அங்கே எந்த எண்ணும் பக்கத்து எண்ணை விட்டு ரொம்பத் தூரம் போகவில்லை. வரிக்குப் பதினாறு, மொத்தம் பதினாறு வரி. கீழே போகப் போகக் கூடிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு வரியிலும் நடுப்பகுதியில் ஏறி, கடைசி மூன்று நாலு எண்களில் லேசாகச் சரிந்தது.

அந்தச் சரிவை அவருக்குத் தெரியும். எந்த லாரிப் பம்பின் அட்டவணையை எடுத்தாலும் அது இருக்கும். எஞ்சின் நடுவேகத்தில்தான் நன்றாக மூச்சு வாங்கும், அப்போதுதான் அதிகமாகத் தின்னும். தலைதெறிக்கச் சுற்றும்போது மூச்சு வாங்க நேரமில்லாமல் தீனி குறையும். யாரோ முகம் தெரியாத ஒருவர், எந்தத் தேசத்திலோ, தன்னைப் போலவே ஓர் எஞ்சினை மேஜையில் பூட்டி, கூட்டிக் குறைத்து இதை எழுதியிருக்கிறார் என்பது அர்த்தநாரிக்கு அந்த நிமிஷம் உறைத்தது. பொன்னாத்தாளிடம் சொல்ல விடியும்வரை காத்திருப்பதே அவருக்குப் பாடாக இருந்தது.

கம்ப்யூட்டர் கணக்கில் இருந்த அந்த இருநூற்று ஐம்பத்தாறையும் அவள் சாதாரண எண்களாக மாற்றிக் கொடுத்தாள். எண்ணாகப் பார்ப்பது அவருக்குப் போதவில்லை. தெர்மக்கோல் அட்டையில் கட்டம் போட்டு, எண்ணுக்கு அரை மில்லிமீட்டர் என்று ஈர்க்குச்சி வெட்டி ஒவ்வொன்றாக நட்டார். "ஊட்டுல இருந்தது ஒரு சீமாறு. அதையும் மொட்டையடிச்சாச்சு" என்றாள் சின்னாயி. சொன்னவள் குச்சியெல்லாம் நட்டு முடித்ததும் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். ஒரு பக்கம் தாழ்ந்து, மறுபக்கம் உயர்ந்து, உச்சி தாண்டிச் சற்றே இறங்கும் ஒரு மலை எழும்பியிருந்தது.

"எல்லாம் வழவழன்னு இருக்குது, நடுவுல இந்தக் குச்சி மட்டும் ஏன் தூக்கிட்டு நிக்குது?" என்று விரல் வைத்துக் காட்டினாள். அர்த்தநாரி அளந்து பார்த்தார். வெட்டியதில் தப்பில்லை. எண்ணே அப்படித்தான் இருந்தது.

மலை கிடைத்துவிட்டது. ஆனால் கார் ஓடும்போது அதில் எந்த இடத்தில் நிற்கிறது? பதினாறு கட்டம் எஞ்சின் சுற்று, பதினாறு வரி காற்றின் அமுக்கம் என்று ஊகிக்கலாம். எந்தக் கட்டம் எத்தனையாவது சுற்று என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதற்கு வழி சொன்னது பொன்னாத்தாள்.

"ஒரே ஒரு எடத்துல பள்ளம் வெட்டி உடலாங்ணா. அந்த ஒரு நம்பரை மட்டும் பாதியாக்கிருவோம். வண்டி எங்க தடுக்குதோ, அதுதான் அந்தக் கட்டம்."

அர்த்தநாரி அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஓர் எஞ்சினை வேண்டுமென்றே தடுக்கவைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. "செய்யலாம் அம்மணி. பாரமில்லாத எடமாப் பாத்து வெட்டு" என்றார்.

ராசிபுரம் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷம்ஷாதும் நசுருல்லாவும் சேர்த்து நாலு பேரும் போனார்கள். காற்றின் அமுக்கத்துக்கு அர்த்தநாரி ஒரு மீட்டர் மாட்டியிருந்தார். ஷம்ஷாத் ஓட்டினார். ஆக்ஸிலரேட்டரை அவர் மிதிக்கிற விதத்தைப் பார்த்து அர்த்தநாரிக்கு ஆச்சரியம். இரண்டாயிரத்து நானூறு சுற்று என்றால் முள் அங்கேயே ஆணியடித்த மாதிரி நிற்கும். ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு என்று ஏற்றிக்கொண்டே போனார். இரண்டாயிரத்து எண்ணூறில் கார் கல் தடுக்கிய ஆளைப் போல ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் சரியாயிற்று.

"இங்கே" என்றார் ஷம்ஷாத்.

மறுபடி போனார்கள். மறுபடி அதே இடம். பின்சீட்டில் மடிமேல் குச்சிமலையை வைத்திருந்த பொன்னாத்தாள் அந்தக் குச்சியின் தலையில் சிவப்பு மை வைத்தாள். மூன்று வாரம் இப்படியே பள்ளம் வெட்டி வெட்டி, வெளிச்சத்தில் அழித்து அழித்து, மலை முழுவதுக்கும் முகவரி கண்டுபிடித்தார்கள்.

அதன்பிறகு அர்த்தநாரி டர்போவின் அமுக்கத்தைப் பழையபடி கூட்டினார். ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி எஞ்சினில் பூட்டி, மறுமுனையை ரப்பர் டியூப் வழியாக டாக்டர் காதில் மாட்டும் ஸ்டெதாஸ்கோப்பில் சேர்த்தார். அதைக் காதில் மாட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தால் எஞ்சின் விக்கினால்கூடக் கேட்கும். ஏற்காடு மலையில் ஒருமுறை ஏறி, பட்டாணிச் சத்தம் எந்தெந்தக் கட்டத்தில் வருகிறது என்று குறித்தார்கள். பன்னிரண்டு கட்டம், எல்லாம் மலையின் உச்சியை ஒட்டி.

"கூட்டறதா, குறைக்கறதாங்ணா?" என்று கேட்டாள் பொன்னாத்தாள்.

"எஞ்சின் சூடாகுது. சூடானாத் தீனியைக் குறைக்கோணும். இதுல யோசனைக்கு என்ன இருக்குது?"

பன்னிரண்டு எண்ணிலும் பத்தில் ஒரு பங்கு குறைத்து எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆறாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஷம்ஷாத் மூன்றாம் கியரில் மிதித்ததும், அர்த்தநாரியின் காதில் பட்டாணி இல்லை, சரளைக்கல் கொட்டியது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஷம்ஷாத் காலை எடுத்திருந்தார். வண்டியை ஓரங்கட்டினார்கள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார் அர்த்தநாரி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அந்த வெளுப்பில் ஊசி முனையளவு வெள்ளிப் புள்ளிகள் மூன்று.

"என்ன அது?" என்றார் நசுருல்லா.

மழுப்ப நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரியாது. "அலுமினியமுங்க பாய்" என்றார் அர்த்தநாரி. "பிஸ்டன் உருக ஆரம்பிச்சிருக்குது. இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா ஓட்டை உழுந்திருக்கும். தப்பு எம்மேலதான்."

நசுருல்லா சாலையோரக் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பழைய ஐ.சி.யை மாட்டிடுங்க. போதும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே அர்த்தநாரிக்குக் கஷ்டமாக இருந்தது.

தொழிலில் அவர் தப்பே செய்யாதவர் இல்லை. ஆனால் அதெல்லாம் அவசரத்தில், கவனக்குறைவில் வந்தவை. இது அப்படியில்லை. நூற்றுக்கு நூறு சரி என்று நிச்சயமாகத் தெரிந்து செய்தது. சரியென்று தெரிந்தது எப்படித் தப்பாகும் என்கிற கேள்வி சங்கடத்தையும் மீறி அவரைப் பிடித்துக்கொண்டது. தீனியைக் குறைத்தால் எப்படிச் சூடு கூடும்?

மறுநாள் காலை பட்டறை வாசலில் உட்கார்ந்து வண்டியில் புதுசு மாட்டிவிட்டுக் கொண்டுவந்த அந்த நாலு பிளக்கையும் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். சித்திரை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. லேசாகக் காற்று வீசியது. விரல் நுனி சில்லென்றது. இத்தனை வருஷமாகச் சில்லென்றதுதான், அன்றைக்குத்தான் கையை நிறுத்தினார். எழுந்து போய் இடது கையை டீசலில் முக்கி எடுத்தார். இரண்டு கையையும் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றார். பெட்ரோல் கை குளிர்ந்தது. டீசல் கை சும்மா இருந்தது.

அன்றைக்கு மத்தியானமே பாலிடெக்னிக் வாசலில் போய் நின்றார்.

"அம்மணி, உன் மொபெட்டுல பெட்ரோல் தீரப்போறப்ப என்ன ஆகும்?"

"நின்னுரும்."

"நிக்கறதுக்கு முன்னால?"

பொன்னாத்தாள் யோசித்தாள். "ஒரு துள்ளுத் துள்ளி வேகமாப் போகும்ங்ணா. எஞ்சினும் அப்பத்தான் கொதிக்கும். எங்கப்பா கூடச் சொல்லுவாரு, காயவெச்சு ஓட்டாதேன்னு." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "தீனி குறையறப்பச் சூடு."

"டீசலுக்கு நேர் தலைகீழு" என்றார் அவர். "டீசல் எஞ்சின்ல காத்து எப்பவும் மிச்சம். தீனியைக் குறைச்சா நெருப்புக் குறையும், அவ்வளவுதான். இதுல காத்தும் பெட்ரோலும் அளவாக் கலந்து உள்ள போகுது. ஒரு சிட்டிகை கூடப் போச்சுன்னா அந்தக் கூடுதல் பெட்ரோலு எரியாது, ஆவியாகுது. ஆவியாகறப்ப..." என்று கையை நீட்டிக் காட்டினார். அதில் இன்னும் பெட்ரோல் வாசம் இருந்தது.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனார். நசுருல்லாவின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, முதலில் தன் தப்பு எங்கே என்று சொன்னார், பிறகு கையில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டுக் காட்டினார். நசுருல்லா மனைவியைப் பார்த்தார்.

"எங்க தப்புனோம்னு இவருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் ஷம்ஷாத். "அது தெரியாத இன்னொருத்தர்கிட்டப் போறதுக்கு இவர்கிட்டயே இருக்கலாம்."

"நீ ஓட்டறதா இருந்தா சரி" என்றார் நசுருல்லா. "நான் பின்னாடி உக்காந்து கண்ணை மூடிக்கறேன்."

அர்த்தநாரி முதலில் நாலு சிலிண்டரிலும் அமுக்கம் அளந்தார். நாலும் ஒன்றுபோல இருந்தன. ஷம்ஷாதின் கால் அர்த்தநாரியின் வாயை முந்திக்கொண்டதால் தப்பித்த எஞ்சின். அந்தப் பன்னிரண்டு கட்டத்திலும் இந்தமுறை எண்களைக் கூட்டினார்கள். அங்கே மட்டும் செங்குத்தாகத் தூக்கிவிடாமல், சுற்றியிருந்த எண்களையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திச் சரிவாக இழுத்தாள் பொன்னாத்தாள்.

முதல் ஏற்றத்தில் சத்தம் இல்லை. ஆனால் வண்டி ஈரத்துணி போர்த்திய மாதிரி மந்தமாக இருந்தது, பின்னால் கரும்புகை. கூடிவிட்டது. அதில் பாதியைக் குறைத்து மறுபடி ஏறினார்கள். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் குறைத்து ஏறினார்கள். ஒரே ஒரு கட்டத்தில், பதினாலாவது வளைவை ஒட்டிய செங்குத்தில், என்ன கூட்டினாலும் இரண்டு பட்டாணி குலுங்கியது. பெட்ரோலால் மட்டும் அது தீராது என்று அர்த்தநாரி ஒப்புக்கொண்டு, அமுக்கம் கொஞ்சம் குறைய டர்போவின் கம்பியை இரண்டு மரை மட்டும் தளர்த்தினார்.

அடுத்த தடவை அடிவாரத்திலிருந்து இருபது வளைவும் நிற்காமல் ஏறினார்கள். காதில் ஸ்டெதாஸ்கோப்போடு அர்த்தநாரி ஒவ்வொரு வளைவிலும் தலையை மட்டும் அசைத்தார். ஷம்ஷாத் சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஏரிக்கரையில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றியபோது அது வறுத்த கடலைத்தோல் நிறத்தில் இருந்தது. நசுருல்லா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதுதான் நல்ல நிறமா?" என்று கேட்டார். "இதுதானுங்க பாய்" என்றார் அர்த்தநாரி. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைச்சலாகத்தான் இனி ஓடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

டீ குடிக்கும்போது, நடுவில் தூக்கிக்கொண்டு நின்ற அந்த ஒற்றைக் குச்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. பள்ளம் வெட்டிய நாட்களில் அதையும் பக்கத்துக் குச்சிகளோடு சமப்படுத்தி ஓட்டிப் பார்த்திருந்தார்கள். வண்டி ஸ்டியரிங்கில் லேசாக நடுங்கியதாக ஷம்ஷாத் சொன்னார். மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதனால் பழைய எண்ணையே திருப்பி வைத்திருந்தார்கள்.

"எழுதுனவருக்கும் ஒரு டிரைவர் இருந்திருக்கணும்" என்றார் நசுருல்லா.

பொன்னாத்தாள் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தாள். "ஒன்பதாம் தாள்ல ஒரு வரி இருக்குதுங்ணா. பதினாறே நம்பர். பெரிசுல ஆரம்பிச்சு எறங்கிட்டே வந்து, கடைசி ஏழும் ஒரே நம்பரா நின்னுருது. சுத்துக்கும் சம்பந்தமில்லை, காத்துக்கும் சம்பந்தமில்லை. இது என்ன?"

அர்த்தநாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். மற்றவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"ஆரம்பத்துல நெறைய, போகப்போகக் குறைச்சல், அப்புறம் ஒரே சீரு" என்று விரலால் தடவிக்கொண்டே படித்தார். "காலையில குளுந்து கெடக்கற எஞ்சினுக்குப் போடற தீனியா இருக்குமுங்களா? இங்கயே ஒரு ராத்திரி வண்டியை வெளிய நிறுத்தி வெச்சா, விடிஞ்சதும் பாத்துரலாம்."

"சித்திரையில ஏது குளிர்?" என்றார் ஷம்ஷாத். "மார்கழி வரைக்கும் பொறுக்கணும்."

"மார்கழிக்கு எட்டு மாசம் இருக்குதுங்களே" என்றார் அர்த்தநாரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எருமப்பட்டியில யாராவது ஐஸ் பேக்டரி வெச்சிருக்காங்களா அம்மணி?" என்று கேட்டார்.

எருமப்பட்டியில் இல்லை, சேலத்தில் தனக்குத் தெரிந்தவர் ஒருவர் வைத்திருக்கிறார் என்று நசுருல்லா சொன்னார்.